கல்லுக்கரியும் கிண்டுகம்பியும்

நாலு சாக்குகள் வாய் திறந்து கிடந்தன. நாலிலும் கரி. ஒன்பது மாத வயிற்றோடு அவற்றுக்கு முன்னால் குந்தியிருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனடாவின் விட்பி நகருக்கு வடக்கே இருந்த ஒரு மாட்டுத்தீவனக் கடையின் பின்கொட்டில் அது. வைக்கோல், குதிரைத் தீனி, பறவை விதை என்று எல்லா மணமும் கலந்து மூக்கை அரித்தது. வெளியே தை மாதத்துப் பனி முழங்காலளவு. எனக்கோ குளிரவே இல்லை. தாலிக்கொடி தெரிவு செய்ய நகைக்கடைக்குப் போன நாளில்கூட நான் அவ்வளவு பரபரக்கவில்லை.

“இஞ்சரும், எழும்பும். சனம் பார்க்குது,” என்றார் என் கணவர்.

சனம் என்று அங்கே நின்றது கடைக்காரர் பீட்டரும் ஒரு பூனையும்தான்.

“நீங்கள் வேணுமெண்டால் காருக்குள்ள போய் இருங்கோ. நான் கரி தெரிஞ்சுபோட்டு வாறன்.”

அவர் போகவில்லை. என் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இந்தப் பெண் யாரென்றே தெரியாது என்ற முகத்தோடு குதிரைத் தீனி மூட்டையில் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினார்.

‘அடுப்பைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே மூன்று வாரத்தை ஓட்டிவிட்டீர்கள்’ என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். கோபம் நியாயமானதுதான். இந்த வாரம் அடுப்பை விட்டு அசைய மாட்டேன்.

காந்தத்துக்குக் கீழே ஒரு கடிதம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. விட்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இவருக்கு வேலை நிரந்தரமானது. சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த எங்கள் அப்பாட்மென்றிலிருந்து தினமும் போய்வந்து மனிதர் துரும்பாகிப் போனார். வேலைக்குப் பக்கத்தில் வாடகை வீடு தேடினோம். வயல்களின் ஓரத்தில், பழைய செங்கல் வீடொன்று கிடைத்தது.

கூடத்தில் இருந்தது அந்த அடுப்பு. வார்ப்பிரும்பு உடம்பு, கண்ணாடிக் கதவு, வளைந்த நாலு கால். விறகும் எரிக்கலாம், கரியும் எரிக்கலாம் என்றார்கள். நான் மற்ற அறைகளைப் பார்க்கவே இல்லை. “இதுதான் எங்கடை வீடு,” என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

கனடாவுக்கு வந்து பத்து வருடத்தில் ஒன்பது இடங்களில் குடியிருந்தவள் நான். அறை, பேஸ்மென்ற், அப்பாட்மென்ற் என்று எங்கே போனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவார்கள். இப்போது முப்பத்தாறு வயதில் முதல் பிள்ளை வயிற்றில். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஒரு வீட்டுக்கு வரவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி. மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் மார்கழி பிறந்ததும் வீடு தன் குணத்தைக் காட்டியது. சுவரோரம் ஓடிய மின்சார ஹீற்றர்கள் தங்கள் காலடியை மட்டும் சூடாக்கின. அடுப்பில் விறகு வைத்தால் மூன்று மணித்தியாலத்தில் சாம்பல். விடியும்போது கூடத்துச் சுவரில் இருந்த வெப்பமானி பதின்மூன்று பாகை காட்டும். நான் இரண்டு சுவெற்றருக்கு மேல் இவருடைய கோட்டையும் போட்டுக்கொண்டு தேத்தண்ணி வைப்பேன்.

இவர் அதிகம் பேசாத மனிதர். பேசினால் அது தீர்ப்பு. ஒரு நாள் தட்டச்சு செய்த கடிதமொன்றைக் கொண்டுவந்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அன்னாசிப்பழக் காந்தத்துக்குக் கீழே மாட்டினார். இன்னும் வாடகை கட்டிக்கொண்டிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அப்பாட்மென்றை நாங்கள் விடுகிறோம் என்று அதன் சொந்தக்காரருக்கு எழுதிய கடிதம். அதில் கையெழுத்து மட்டும் இல்லை.

“ஒரு கிழமை முழுக்க உந்த வீடு இருபது பாகையில நிக்கவேணும். நிண்டால் நான் கையெழுத்து வைக்கிறன். இல்லாட்டிப் பிள்ளையோட திரும்பிப் போறம். பச்சைப்பிள்ளையை இந்தக் குளிருக்குள்ள விறைக்க விடமாட்டன்.”

தை மாத முடிவுக்குள் கடிதம் போக வேண்டும். பிள்ளையும் மாத முடிவில் என்றுதான் டொக்டர் சொல்லியிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் கூடுதல் கோபம்.

விறகு சரிவராவிட்டால் கரி இருக்கிறதே என்று அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

கரி தெரிந்தவள் என்ற பெருமை

எனக்குக் கரி தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். ஊரில் கரன்ற் இல்லாத வருடங்களில், கரி போடும் ஸ்திரிக்கைப் பெட்டியால் எங்கள் வீட்டுச் சட்டைகள் முழுவதையும் மடிப்புக் குலையாமல் தேய்த்தவள் நான். நல்ல சிரட்டைக்கரி எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். கையில் எடுத்தால் பாரமே தெரியக்கூடாது. ஒரு ஊதலில் பிடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டுதான் கனடாவின் குளிரோடு மல்லுக்கு நின்றேன்.

இதில் ஒரு பழைய கதையையும் சொல்லிவிட வேண்டும். சென் ஜேம்ஸ் ரவுணுக்கு நாங்கள் வந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை, பார்பிகியூ கரி இரண்டு துண்டைக் குசினியில் தணலாக்கி அதன்மேல் சாம்பிராணி போட்டேன். புகை சாமிப் படத்தை அடைய முதல் கூரையில் இருந்த எச்சரிக்கை மணியை அடைந்துவிட்டது. பதினெட்டு மாடிச் சனமும் படிகளில் இறங்கித் தெருவில் நின்றது. தீயணைப்பு வண்டி இரண்டு வந்தன. பெரிய தலைக்கவசத்தோடு வந்த ஒருவர் என் கையில் இருந்த தூபக்காலைப் பார்த்துவிட்டு, “வாசம் நல்லாயிருக்கு, இனிமேல் வேண்டாம்,” என்று ஆங்கிலத்தில் பக்குவமாகச் சொன்னார்.

முதல் கரி, இரண்டாம் கரி

நான் கரி தேடுகிறேன் என்று கேள்விப்பட்டு முதலில் வந்து இறங்கியவர் இவருடைய தம்பி யோகன். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. முப்பது வயது. கை சும்மா இருக்காத பிறவி. மேசையில் பேனை கிடந்தால் கழற்றுவான். ரேடியோ பாடினால் முறுக்குவான். அவன் வந்துபோன பிறகு எங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று வேலை செய்யாது.

கார் நிறையப் பார்பிகியூ கரிப் பைகள் கொண்டுவந்திருந்தான்.

“அண்ணி, இனிக் குளிரெண்ட கதையே இல்லை.”

நான் பையைத் திருப்பி வாசித்தேன். வீட்டுக்குள் எரிக்கவே கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

“யோகன், உதை உள்ளுக்கை எரிச்சால் மணமில்லாத நச்சுக்காத்து வந்து ஆக்கள் செத்துப்போவினமாம்.”

“உண்மையே? கரியெண்டால் எல்லாம் கரிதானே அண்ணி.”

“இல்லையாம். வாசிச்சுப் பார்.”

வாசித்துவிட்டு அவன் பைகளை வெளிக்கொட்டிலுக்குத் தூக்கிப் போனான். எனக்கு அந்தச் சாம்பிராணி வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மணி அடித்தது எங்கள் நல்ல காலம். அடுத்த நாளே ஆள் கூப்பிட்டுப் புகைபோக்கியைத் துப்புரவாக்கினோம். வந்தவர் படுக்கையறை வாசலில் நச்சுக்காற்று எச்சரிக்கைப் பெட்டியொன்றையும் பொருத்திவிட்டுப் போனார். அடுப்புக்கு நிலக்கரி வேண்டுமென்றால் தீவனக் கடைக்குப் போங்கள் என்றதும் அவர்தான்.

முதல் தடவை கடைக்குப் போனபோது நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கரி தெரிந்தவள் அல்லவா? இருந்தவற்றில் எது இலேசாகப் பிடிக்குமோ அதையே கேட்டு, மிருதுவான நிலக்கரி இரண்டு மூட்டை வாங்கி வந்தேன்.

பிடித்தது. எப்படிப் பிடித்தது. மஞ்சள் சுவாலை கண்ணாடிக் கதவு முழுக்க ஆடியது. நான் கை தட்டினேன். ஒரு மணித்தியாலத்தில் கண்ணாடி கறுத்துவிட்டது. கதவைத் திறந்து கரி போட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு சுருள் புகை கூடத்துக்குள் வந்து போனது. வேலைக்குப் போகத் தோய்த்துக் காயவிட்ட இவருடைய மூன்று சட்டைகளிலும் கரிப்பொட்டு. விடிய எழும்பினால் அடுப்பு அணைந்து வெப்பமானி பதினைந்தில் நின்றது.

இவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

“நான் விட்பியிலதானே இருக்கிறன்? இல்லாட்டிப் பழைய கரி ரெயில் எஞ்சினுக்குள்ளயோ?”

சிரிக்காத மனிதர் பகிடி விட்டால் அது நேரே நெஞ்சில் குத்தும். நான் குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, “சனிக்கிழமை திரும்பக் கடைக்குப் போறம்,” என்று அறிவித்தேன்.

கடலை, பாக்கு, தேசிக்காய்

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை சாக்குகளுக்கு முன்னால் குந்தியிருந்தேன். இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டேன். என் வயது மதிக்கக்கூடிய அந்தப் பீட்டர் திருப்பி என்னிடம்தான் கேள்வி கேட்டார். அடுப்பின் அடியில் கம்பித்தட்டு இருக்கிறதா? அதன் இடைவெளி எவ்வளவு? எத்தனை மணித்தியாலம் ஒருவரும் பார்க்காமல் எரிய வேண்டும்?

கம்பித்தட்டு இருந்தது. இடைவெளிக்கு என் சுண்டுவிரலைக் காட்டினேன். நேரத்துக்கு, “பத்து மணித்தியாலம்,” என்றேன். இவர் குதிரைத் தீனியிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தார்.

அப்படியென்றால் அந்திரசைற் என்றார் பீட்டர். மிகப் பழைய, மிகக் கடினமான நிலக்கரி. நாலில் ஒரு சாக்கு நான் வாங்கிக் கெட்ட மிருதுக்கரி. மற்ற மூன்றும் இந்தக் கடினக்கரியின் மூன்று அளவுகள்.

மிருதுக்கரியைத் தேய்த்தால் கை மையாகியது. அந்திரசைற்றைத் தேய்த்தேன், கையில் ஒன்றுமே ஒட்டவில்லை. இரண்டு துண்டைத் தட்டினால் பீங்கான் கோப்பைச் சத்தம். கையில் வைத்தால் கல்லுப் பாரம். உடைந்த பக்கம் கண்ணாடிபோல மினுங்கியது. பிடிக்க நேரம் எடுக்கும், பிடித்தால் புகை இல்லாமல் நாள் முழுக்க நிற்கும் என்றார். நல்ல கரி பற்றி நான் அறிந்து வைத்திருந்தது அத்தனையும் தலைகீழ். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, பொய் சொல்லவில்லை.

இனி அளவு. ஒரு சாக்கில் கடலை அளவு, இன்னொன்றில் பாக்கு அளவு, மூன்றாவதில் தேசிக்காய் அளவு. கடலை என் கம்பித்தட்டின் இடைவெளிக்குள்ளால் விழுந்துவிடும், விழாதது நெருங்கி அடைத்துக் காற்றை மறிக்கும். தேசிக்காய்க்கு எங்கள் அடுப்பு சின்னது, துண்டுகளுக்கிடையில் பெரிய வெளி விழுந்து சூடு சிதறும்.

“பாக்கு,” என்று தமிழிலேயே சொல்லி விரலால் காட்டினேன். பீட்டர் சிரித்துக்கொண்டே ஆறு மூட்டையைக் காரில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குள் தலையை நீட்டி ஒன்று சொன்னார். பிடித்த பிறகு மேலே இருந்து குத்திக் கிளறக் கூடாது. அதை அதன்பாட்டில் விட வேண்டும்.

நான் தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

எங்களுக்குத் தெரியாத ஒரே வேலை

சனிக்கிழமை பின்னேரம் மூன்று தடவை பற்றவைத்தோம், மூன்று தடவையும் செத்தது. வாரவிடுமுறைக்கு யோகனும் வந்திருந்தான். விறகுத் தணல் போட்டு, அதன்மேல் கரி போட்டு, ஐந்து நிமிடம் பொறுப்போம். ஒன்றும் தெரியாது. யோகன் கிண்டுகம்பியை எடுப்பான்.

“ஒருக்கால் கிளறி விடுவம் அண்ணி.”

“ஓம், மெல்லமாக் கிளறு.”

அவன் முடித்ததும் கம்பியை நான் வாங்குவேன். நான் போனதும், பேசாத மனிதர் இவரும் எழும்பி வந்து இரண்டு குத்துக் குத்துவார். நெருப்பென்றால் ஊத வேண்டும், தள்ள வேண்டும், இழுக்க வேண்டும் என்று வளர்ந்த ஆட்கள் நாங்கள். எங்கள் ஆட்களில் அடுப்பைக் கடந்து போகும்போது கொள்ளியைக் கொஞ்சம் தள்ளிவிடாமல் போகிறவரை நான் கண்டதில்லை. சும்மா இருப்பது ஒன்றுதான் எங்களுக்குத் தெரியாத வேலை.

ஞாயிறு காலை கடைக்காரர் சொன்னது எனக்கு உறைத்தது. சாம்பல் கீழே விழ வேண்டிய பொருள். நாங்கள் மேலே இருந்து குத்திக் குத்தி அதைத் தணலுக்குள் கலந்து, கீழிருந்து வரும் காற்றை அடைத்துக்கொண்டிருந்தோம்.

நாலாம் தடவை விறகுத் தணலை நன்றாகச் சிவக்க விட்டேன். ஒரு கை கரி. பொறுத்தேன். இன்னும் ஒரு கை. பொறுத்தேன். சாம்பல் தட்டுக்குப் பக்கத்துக் காற்றுவழியைத் திறந்துவிட்டு, கிண்டுகம்பியை என் மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். யோகன் இரண்டு கையையும் குண்டிக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு நிலத்தில் இருந்தான்.

மத்தியானம் கரியின் இடுக்குகளுக்குள்ளால் நீலம் எழும்பியது. சின்னச் சின்ன நீலச் சுவாலைகள், ஒரு சத்தமும் இல்லை, ஒரு புகையும் இல்லை. கல்லு எரிகிறது. கண்முன்னால் கல்லு எரிகிறது. நான் கதிரையில் இருந்து எழும்பி ஆடினேன். வயிற்றுக்குள் பிள்ளையும் உதைத்தது.

“அண்ணி, இருங்கோ, இஞ்சயே பிறந்திடும்,” என்றான் யோகன்.

பிறகு விளிம்பு வரைக்கும் கரியை நிரப்பினோம். காலையும் மாலையும் அடியில் உள்ள பிடியை நாலு தரம் ஆட்டிச் சாம்பலைக் கீழே விழுத்துவது, மேலே கரியை நிரப்புவது, கதவைச் சாத்துவது. அவ்வளவுதான் வேலை. திங்கள் காலை வெப்பமானி இருபத்தொன்று. இரவு கடந்து விடியவும் சூடு நின்றதால், நாட்காட்டியில் முதல்நாள் ஞாயிற்றுக் கட்டத்தில் ஒரு சரி போட்டேன். செவ்வாய் இருபது, புதன் இருபத்தொன்று. இவர் தினமும் வெப்பமானியைப் பார்ப்பார், நாட்காட்டியைப் பார்ப்பார், வேலைக்குப் போவார். வியாழனோடு ஐந்து சரி.

வெள்ளி பின்னேரம், ஆறாவது சரிக்காகக் காத்திருந்தபோது பன்னீர்க்குடம் உடைந்தது.

“நெருப்பை ஆர் பார்க்கிறது?”

இவர் காரைச் சூடாக்க ஓடினார். நான் தொலைபேசிக்கு ஓடினேன்.

“யோகன், எனக்கு நோ தொடங்கிட்டுது. நீ உடனே வா.”

“ஐயோ அண்ணி, நான் நேரே ஆஸ்பத்திரிக்கு வாறன்.”

“ஆஸ்பத்திரிக்கு ஏன்? அங்கை டொக்டர் இருக்கினம். வீட்டை வா. நெருப்பை ஆர் பார்க்கிறது?”

அவனை எனக்குத் தெரியும். தன்னையும் அவனுக்குத் தெரியும்.

“அண்ணி, என்னை நம்பி விடாதேங்கோ. நான் கிண்டிப்போடுவன்.”

“கிண்டினாய் எண்டால் பிள்ளையைத் தூக்கத் தரமாட்டன்.”

அதைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். பகிடியாகச் சொன்னதல்ல. இரண்டு நாள் இருந்தது, இரண்டு சரி இருந்தது, அதை உலகத்திலேயே கை சும்மா இருக்காத ஒருவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நோவுக்கு நடுவில் தாதி என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டாளாம். வீட்டுக்குப் போன் எடுத்து நெருப்பு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேனாம். மருந்தின் மயக்கம் என்று அவள் எழுதி வைத்திருப்பாள். சனிக்கிழமை காலை மகள் பிறந்தாள். அவளை நெஞ்சில் போட்டதும் கரி, கடிதம், கணக்கு எல்லாம் மறந்துபோனது. அந்தச் சந்தோசத்தை எழுத எனக்கு இன்றும் வார்த்தை இல்லை.

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குப் புறப்பட்டபோது எல்லாம் திரும்ப நினைவுக்கு வந்தது. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. மகளைத் தொப்பி, இரண்டு போர்வை, அதற்கு மேல் என் சால்வை என்று சுற்றி, மூக்கு மட்டும் தெரியக் கொண்டுவந்தோம். வீட்டுக்கூரை தெரிந்ததும் புகைபோக்கியைப் பார்த்தேன். புகை இல்லை. நல்ல அந்திரசைற் புகைக்காது என்று எனக்குத் தெரியும். செத்த அடுப்பும் புகைக்காது என்றும் தெரியும்.

இவர் கதவைத் திறந்தார். சூடு வந்து முகத்தை அணைத்தது.

அடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நீலம் அசைந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால், நிலத்தில், இரண்டு நாள் தாடியோடு யோகன். நாட்காட்டியில் அவனுடைய கோணல் எழுத்தில் ஆறாவது சரியும் ஏழாவது சரியும்.

“கிண்டினனியோ?” என்றேன்.

“இல்லை அண்ணி. பிள்ளையாணை இல்லை.”

நான் அடுப்புப் பக்கத்தைப் பார்த்தேன். கிண்டுகம்பியைக் காணவில்லை.

“கம்பி எங்கை?”

“கார் டிக்கிக்குள்ள.”

“கார்த் திறப்பு?”

“பக்கத்து வீட்டு மனிசியிட்டைக் குடுத்திட்டன். நான் அழுது கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.” அவன் தலையைக் குனிந்தான். “நேற்று இரண்டு தரம் போய்க் கேட்டனான் அண்ணி. மனிசி தரேல்லை.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மகளை அவன் கைகளில் கொடுத்தேன். இரண்டு நாளும் சும்மா இருந்த அந்தக் கைகள் அவளை ஏந்திக்கொண்டன.

இவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் வெப்பமானிக்கு முன்னால் நின்றார். இருபத்தொன்று. குளிர்சாதனப் பெட்டிக்குப் போய், அன்னாசிப்பழக் காந்தத்தை எடுத்து, கடிதத்தை அந்தக் கதவிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு தம்பியிடம் வந்து, பிள்ளையின் கழுத்துக்குக் கீழே ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

“இஞ்சரும்,” என்றார் என்னிடம். “தொப்பியைக் கழட்டும். பிள்ளைக்கு வேர்க்குது.”